எழுத்து வரவில்லையா, எழுத விடவில்லையா?

எழுத முடியாமல் தவிக்கிறீர்களா? காலையில் நீண்ட நடை போய் வாருங்கள். பிடித்த காபிக் கடையில் தனியாக உட்காருங்கள். ஒரு வாரம் மலைப் பிரதேசத்துக்குப் போய்விடுங்கள். எழுத்துப் பட்டறைகளிலும், எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்களிலும் இந்த அறிவுரைகளைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இவற்றைச் சொல்பவர் நடை போய்த் திரும்பும்போது இட்லி வெந்திருக்கும். மலையிலிருந்து இறங்கி வரும்போது துணி துவைத்து மடித்து வைக்கப்பட்டிருக்கும். இட்லியை வேகவைத்தவளும் துணியை மடித்தவளும் அந்த அறிவுரைகளில் எங்கும் வருவதில்லை. அவளிடமும் எழுதப்படாத கதை ஒன்று இருக்கலாம் என்ற நினைப்பும் வருவதில்லை.

'ரைட்டர்ஸ் பிளாக்' என்ற பெயரை 1940களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எட்மண்ட் பெர்க்ளர் என்ற உளப்பகுப்பாய்வாளர். எழுத்தாளரின் ஆழ்மனத்தில், குழந்தைப் பருவத்தில், தாயோடு இருந்த உறவில் அதற்கான காரணத்தைத் தேடினார். தாளில் ஒரு வரி விழாததற்கும் அம்மாதான் பொறுப்பு! அன்றிலிருந்து இன்றுவரை நாமும் அந்த நோயை மண்டைக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறோம்.

நம்மில் பெரும்பாலோருக்கு வந்திருப்பதைப் படைப்பு முடக்கம் என்று அழைப்பதை நான் மறுக்கிறேன். அதன் பெயர் இடையூறு. முடக்கம் என்றால் குறை அவளிடம் இருக்கிறது, அவளே சரிசெய்துகொள்ள வேண்டும். இடையூறு என்றால் இடையூறு செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பேச வேண்டும். பெயரை மாற்றினால் மருந்தும் மாறும்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். 2024 கணக்கெடுப்பில் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்தாண்டு முன்னேற்றத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சம், ஆணுக்கு ஒன்பது. வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்தச் சராசரிக்குள் வரவே இல்லை. குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் தனிக்கணக்கு. இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சும் நேரமும் முழுசாகக் கிடைப்பதில்லை. இங்கே ஏழு நிமிடம், அங்கே பன்னிரண்டு நிமிடம். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணும் காதை வைத்துக்கொண்டு ஒரு கதாபாத்திரத்தின் குரலைக் கேட்க முடியுமா?

உடனே ஒருவர் எழுந்து சொல்வார்: "உண்மையான திறமை இருந்தால் எப்படியும் எழுதிவிடுவாள்." எடுத்துக்காட்டும் வைத்திருப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் ராஸ்சுந்தரி தேவி சமையலறையில் ஏட்டை ஒளித்து வைத்து, யாருக்கும் தெரியாமல் படிக்கக் கற்று, தன் வரலாற்றையே எழுதினார். நம் காலத்தில் துவரங்குறிச்சியில், பருவமடைந்ததும் படிப்பு நிறுத்தப்பட்ட ஒரு பெண் கழிப்பறையில் ஒளிந்து நின்று கவிதை எழுதி, சல்மா என்ற புனைபெயரில் வெளியே வந்தார். இவர்கள் நமக்குப் பெருமைதான். ஆனால் கழிப்பறையில் எழுத நேர்ந்தது யாருக்கும் பெருமையில்லை. தப்பி வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, தப்ப முடியும் என்று தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்? அமெரிக்க எழுத்தாளர் டில்லி ஓல்சென் நான்கு மகள்களை வளர்த்துக்கொண்டும் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டும் வாழ்ந்தவர். எழுதப்படாமல் போனவற்றைப் பற்றியே 1978இல் 'சைலன்சஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். நம் மொழியில் அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, செய்வது என்ன? மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறிய பெண்கள் வட்டத்தில் செய்து பார்த்து, நின்று நிலைத்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில், ஒரு வாரம் எழுதாதீர்கள். எழுத நினைத்த ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று மட்டும் ஒரு சிறு நோட்டில் குறித்து வையுங்கள். 'திங்கள் மாலை: உட்கார்ந்தேன், மாமியாருக்கு மாத்திரை.' 'புதன் இரவு: தூங்கிவிட்டேன்.' 'வியாழன்: எழுதினேன், அக்கா படித்தால் என்ன நினைப்பாள் என்று கிழித்துவிட்டேன்.' வாரக் கடைசியில் அதைப் படித்தால் உங்கள் முடக்கம் எங்கே குடியிருக்கிறது என்று தெரியும். எங்கள் வட்டத்தில் பலரது நோட்டில் 'ஒன்றும் தோன்றவில்லை' என்ற வரி அரிதாகவே இருந்தது.

இரண்டாவது, நேரத்தைத் திருடாதீர்கள், கேட்டு வாங்குங்கள். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து எழுதச் சொல்பவர்கள் டோனி மாரிசனைக் காட்டுவார்கள். குழந்தைகள் எழுந்து அம்மா என்று கூப்பிடும் முன் எழுத வேண்டியிருந்ததால்தான் அந்தப் பழக்கம் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அது அவர் அகப்பட்ட நெருக்கடி. அதை எல்லாப் பெண்களுக்கும் விதியாக்கக் கூடாது. ஏற்கெனவே கடைசியாகப் படுத்து முதலில் எழுகிறவளின் தூக்கத்திலிருந்தா ஒரு மணி நேரத்தை வெட்ட வேண்டும்? சத்தமாகச் சொல்லுங்கள்: "ஏங்க, செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் நான் எழுதப் போறேன். அன்னைக்குத் தோசை நீங்க ஊத்துங்க." முதல் வாரம் தோசை கல்லில் ஒட்டும். "உப்பு எங்கே இருக்கு?" என்று குரல் வரும். பதில் சொல்ல எழுந்தால் அந்த ஒரு மணி நேரம் போனதுதான். உப்பும் சீரகமும் எங்கே என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டு உட்காருங்கள். அந்த நேரத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை என்றாலும் எழுந்திருக்காதீர்கள். பலனைக் காட்டினால்தான் நேரம் கிடைக்கும் என்ற நிபந்தனையை நாமே ஏற்றுக்கொள்ளக் கூடாது. கேட்டால் அடிவிழும் என்ற நிலையில் இருப்பவர்களிடம் இதைச் சொல்ல மாட்டேன். அங்கே முதலில் பாதுகாப்பு, பிறகுதான் எழுத்து.

மூன்றாவது, வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்பதில்லை. வை.மு. கோதைநாயகி அம்மாளின் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் கையால் எழுதவில்லை. தடையில்லாமல் எழுத அப்போது அவருக்கு வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் அது புத்தகமானது. பிறகு எழுதப் பழகி, 'ஜகன்மோகினி'யை நடத்தி, நூறுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். தோழி பக்கத்தில் இல்லையென்றால் போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது பேசுங்கள். வாயால் சொல்லும்போது 'இலக்கியத் தமிழ்' என்ற பயம் போய்விடுகிறது, நம் தெருப் பேச்சு உள்ளே வந்துவிடுகிறது. எழுந்திருக்கும்போது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருங்கள். அடுத்த முறை தொடங்க வேண்டியதில்லை, தொடர்ந்தால் போதும்.

நான்காவது, தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறவர்கள். ஊர் என்ன சொல்லும், சாதிக்காரர்கள் என்ன சொல்வார்கள், மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா. இதை வெறும் மனத்தடை என்று சொல்பவர்களுக்கு, உடலைப் பற்றி எழுதிய தமிழ்ப் பெண் கவிஞர்கள் 2000களின் தொடக்கத்தில் வாங்கிய வசை தெரியாது போலும். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆகவே, எழுதுவது ஒரு முடிவு, வெளியிடுவது வேறொரு முடிவு என்று இரண்டையும் பிரித்துவிடுங்கள். இன்று எழுதுவதை நாளை யாருக்கும் காட்ட வேண்டாம். கடவுச்சொல் போட்டு வையுங்கள். உங்களைப் புரிந்துகொள்ளும் ஒரே ஒரு பெண்ணுக்குக் கடிதமாக எழுதுங்கள். சொந்தப் பெயரா, புனைபெயரா, பெட்டிக்குள்ளேயே இருக்கட்டுமா என்பதை எழுதி முடித்த பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.

இன்னொரு தடை இலக்கிய உலகிலிருந்தே வருகிறது. என் தொடக்கக் காலத்தில் ஒரு பத்திரிகை ஆசிரியர் கதையைத் திருப்பிக் கொடுத்து, "அடுப்படியை விட்டு வெளியே வாங்க, பெரிய விஷயமா எழுதுங்க" என்றார். அதன்பின் ஒன்றரை வருடம் எந்த விஷயம் பெரியது என்று தேடியே நான் ஒன்றும் எழுதவில்லை. அம்பை 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று தலைப்பு வைத்தே கதை எழுதியிருக்கிறார். அதைப் படித்த எவரும் சமையலறை சிறிய விஷயம் என்று சொல்ல மாட்டார்கள். போரைப் பற்றி எழுதினால் பெரிது, பிரசவத்தைப் பற்றி எழுதினால் சிறிது என்ற அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஐந்தாவது, மூன்று பேர் சேருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு பக்கம். 'நல்லா இருக்கு' என்று சொல்லத் தடை. கேட்பவர் ஒவ்வொருவரும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அடுத்த பக்கம் அந்தக் கேள்விகளுக்குள்ளிருந்து வரும். இருவர் எழுதும்போது மூன்றாமவர் மூன்று வீட்டுக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளட்டும், முறை வைத்து. விடுதியில் இருக்கும் மாணவிகளே, மாணவர் விடுதிக்கும் மாணவியர் விடுதிக்கும் கதவு பூட்டும் நேரம் ஒன்றா என்று விசாரியுங்கள். நூலகத்தில் உங்களுக்குக் குறையும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதைத் திரும்பக் கேட்டு நீங்கள் எழுதும் மனுவும் எழுத்துப் பயிற்சிதான்.

ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். எழுத ஆண்டுக்கு 500 பவுண்டும் ஓர் அறையும் வேண்டும் என்றார் வர்ஜீனியா உல்ஃப், 1929இல். அந்த நூலின் கதைசொல்லிக்கு அந்தப் பணம் எப்படி வருகிறது? பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த ஓர் அத்தை விட்டுப்போன சொத்து. காலனியில் வாழ்ந்த வெள்ளைக்காரக் குடும்பத்தின் பணத்துக்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருந்தது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நமக்குள்ளும் அதே கேள்வி இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு அற்பச் சம்பளம் கொடுத்து, அவர் முதுகில் ஏறி எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால், ஓர் இடையூறு என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அவரிடமும் ஒரு கதை இருக்கிறது. எனவே நியாயமான சம்பளம், வார விடுமுறை இவற்றோடு, முதல் கோரிக்கை வீட்டிலுள்ள ஆண்களிடம்தான் வைக்கப்பட வேண்டும்.

உள்ளே உண்மையிலேயே வறண்டுபோகும் காலமும் உண்டு. சாவு, நோய், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. அப்போது எழுதாமல் இருங்கள், தேவையென்றால் மருத்துவரைப் பாருங்கள். அந்த ஓய்வையும் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலக்கியக் கூட்டங்களில் 'பெண்கள் ஏன் அதிகம் எழுதுவதில்லை?' என்று இன்றும் மேடையில் கவலைப்படுகிறார்கள். அடுத்த முறை கேட்டால் எழுந்து நின்று, "ஐயா, நீங்கள் இங்கே பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார்?" என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, செவ்வாய்க்கிழமை மாலை எட்டு மணிவரை உங்களைக் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.