முறிந்த தண்டும் கடித்த பூனையும்

கனடாவில் 2018 அக்டோபர் முதல் வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்க்க மத்தியச் சட்டம் இடம் தருகிறது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்த ஒருவருக்கு மூன்று. இருப்பதே சில செடிகள் என்பதால், பூனை தாவி ஒரு தண்டு முறிந்தாலும் வளர்ப்பவர் பதறிப்போகிறார்.

பதற்றத்தில் உரத்தைக் கொட்டுவதுதான் பெரிய தவறு.

பட்டை ஒட்டியிருந்தால் தண்டை நிமிர்த்தி, குச்சி வைத்துக் கட்டினால் பெரும்பாலும் கூடிவிடும். நுனியே ஒடிந்தாலும் செடி போய்விடாது. அங்கே சுரக்கும் ஆக்சின் என்ற தாவர ஹார்மோன்தான் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருந்தது. அது நின்றதும் அவை கிளைக்கும். விளக்குச் சூட்டில் கருகிய இலை மட்டும் மீளாது.

ஆனால் பூனை இலையைக் கடித்திருந்தால் செடி காத்திருக்கட்டும். கஞ்சா பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. எதைத் தின்றது என்பதை மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.