மைல்ஸ் சேர்த்து வைக்க அல்ல, செலவழிக்கத்தான்!

விமான மைல்ஸை வங்கி டெபாசிட் மாதிரி நினைத்துப் பலரும் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். டெபாசிட்டுக்கு வட்டி உண்டு, மைல்ஸுக்குக் கிடையாது. உதாரணமாக, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் 36 மாதங்களில் காலாவதியாகிவிடும். அதற்குள்ளேயே ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை மைல்ஸ் என்ற கணக்கை நிறுவனம் உயர்த்தவும் செய்யலாம்.

சரி, ஒரு மைலின் மதிப்பு என்ன? கணக்கு ரொம்ப சிம்பிள். மைல்ஸில் டிக்கெட் போட்டாலும் வரி, கட்டணங்களை நாம்தான் கட்ட வேண்டும். டிக்கெட் விலையில் அதைக் கழித்து, மீதியை மைல்ஸ் எண்ணிக்கையால் வகுங்கள். 9,000 ரூபாய் டிக்கெட்டுக்கு வரி 2,000 ரூபாய், தேவை 10,000 மைல்ஸ் என்றால், ஒரு மைல் 70 பைசா. அதே 10,000 மைல்ஸுக்கு 2,500 ரூபாய் கிஃப்ட் வவுச்சர் வாங்கினால் வெறும் 25 பைசாதான்!

எனவே வவுச்சர் வேண்டாம். கட்டணம் எகிறும் நாட்களில் மைல்ஸ் சீட் இருக்கிறதா என்று முதலில் பாருங்க. முக்கியமாக, மைல்ஸுக்காக கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு பாக்கி வைக்காதீர்கள். மாதம் 3 சதவீத வட்டி என்றாலே, 1 லட்சம் ரூபாய் பாக்கிக்கு 3,000 ரூபாய் போய்விடும். அப்புறம் அது எப்படி இலவச டிக்கெட் ஆகும்?