வாயில் போடுவது இன்னதென்று தெரிய வேண்டாமா?



மனிதன் தன் வாய்க்குள் போட்டுக்கொள்ளுகிற வஸ்து இன்னதென்று அவனுக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா? இதற்கு "வேண்டாம்" என்று பதில் சொல்லுகிற ஆசாமியை நாம் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் கடையில் பொட்டலத்தை வாங்கி, பல்லால் கிழித்து, உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாமல் தின்றுகொண்டிருப்பவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். இதில் படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமும் அதிகமாய் இல்லை.

சென்ற மாதம் நமக்கு நேர்ந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பிழைக்கிற தோழர் ஒருவர் வழியில் நம்மை நிறுத்தி, ஒரு உலர்ந்த திராட்சைப் பொட்டலத்தை நீட்டினார். "அண்ணே, பேரனுக்கு இழுப்பு இருக்கு. கடையில காய்ஞ்ச பழம், ஜூஸ் எது வாங்கினாலும் அதுல சல்பைட்டு இருக்கான்னு பார்த்து வாங்கச் சொல்லியிருக்காங்க டாக்டரம்மா. இதுல இருக்கான்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

பொட்டலத்தின் முகத்தில் சரக்கின் பெயர் தமிழில் கொட்டை எழுத்தில் இருந்தது. திருப்பிப் பார்த்தால் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஆறு வரி இங்கிலீஷ். அதற்குள் "ஐ.என்.எஸ். 220" என்று ஒரு நம்பர். நாம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். நமக்கு இருக்கிற இங்கிலீஷ் எல்லாம் பத்திரிகையையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாமே தேடிக்கொண்டது. அதை வைத்துக்கொண்டு எழுத்தைப் படித்துவிட்டோம், நம்பர் விளங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் 220 என்றால் கந்தகப் புகை, அதாவது சல்பர் டை ஆக்சைடு என்று தெரிந்தது. டாக்டரம்மாள் பார்க்கச் சொன்ன வகையைச் சேர்ந்த சரக்கு அதுவேதான்.

இது எல்லோருக்கும் விஷம் என்று நாம் சொல்ல வரவில்லை. பழம் கறுக்காமலும் பூஞ்சைக்காளான் பிடிக்காமலும் இருக்க அளவாய்ச் சேர்ப்பதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. அநேகருக்கு அதனால் ஒன்றும் வருவதில்லை. ஆனால் இழுப்பு உள்ளவர்களில் சிலருக்கு அது மூச்சை முட்ட வைக்கும். அதனால்தான் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் அதைப் பொட்டலத்தின் மேல் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். விதி நல்ல விதி. ஆனால் யாருக்குச் சொல்லுகிறார்கள்? அந்த மூட்டை தூக்கும் தோழர் தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். அந்த ஆறு வரி தமிழில் இருந்திருந்தால் அவர் வழியில் போகிறவனை நிறுத்திக் கெஞ்ச வேண்டிய அவசியம் என்ன?

விதி சொல்லுவது என்ன?

2020-ம் வருஷத்து உணவுப் பொட்டலங்களின் லேபிள் விதிகளின்படி, பொட்டலத்தின் மேல் சொல்ல வேண்டிய விவரங்கள் இங்கிலீஷிலாவது, தேவநாகரி எழுத்தில் இந்தியிலாவது இருக்க வேண்டும். வேறு பாஷையும் போட்டுக்கொள்ள விரும்பினால் கூடவே போட்டுக்கொள்ளலாமாம்! அதாவது இந்தியோ இங்கிலீஷோ கட்டாயம். தமிழ் வியாபாரியின் தயவு. அந்தத் தயவு எது வரையில் வருகிறது என்று கடைத்தெருவில் பாருங்கள். சரக்கின் பெயரைத் தமிழில் போடுவார்கள், "ருசியோ ருசி" என்று தமிழில் போடுவார்கள், கொழுகொழுவென்ற குழந்தைப் படமும் போடுவார்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்ற இடம் வந்தவுடன் தமிழ் நின்றுபோகும். நம் பையில் இருக்கிற காசைக் கூப்பிடுவதற்குத் தமிழ் வேண்டும். நம் வயிற்றுக்குள் போவதைச் சொல்லுவதற்குத் தமிழ் வேண்டாம். இது என்ன நியாயம்?

"இத்தனை பாஷையில் அச்சடித்தால் வியாபாரம் நடக்குமா?" என்று சில மேதாவிகள் கேட்கலாம். ஐரோப்பாவில் நடக்கிறது. அங்கே எந்த நாட்டில் சரக்கு விற்கிறார்களோ அந்த நாட்டு ஜனங்களுக்குச் சுலபமாய்ப் புரிகிற பாஷையில் விவரம் இருக்க வேண்டும் என்று 2011-ல் சட்டம் செய்தார்கள். எஸ்டோனியா என்று ஒரு தேசம். ஜனத்தொகை சுமார் 14 லட்சம். நம் திருச்சி ஜில்லாவில் மாத்திரம் 2011-ம் வருஷத்துக் கணக்குப்படி சுமார் 27 லட்சம் பேர். திருச்சி ஜில்லாவில் பாதி அளவு உள்ள ஒரு தேசத்துக்காரன் தன் பாஷையில் படித்துப் பார்த்து ரொட்டி வாங்குகிறான். 7 கோடிக்கு மேற்பட்ட தமிழ்நாட்டார் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டுமா?

புரியாத பாஷையில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, தட்சணை கொடுத்துப் பழகிய ஜனங்கள் நாம். மந்திரத்துக்கு அர்த்தம் கேட்டால் பாவம் என்றார்கள், கேட்காமல் இருந்தோம். இப்போது பொட்டலத்தின் முதுகிலும் ஒரு மந்திரம் அச்சடித்திருக்கிறது. இதற்கும் அர்த்தம் கேட்காமல்தான் காசு கொடுக்கிறோம். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: அந்த மந்திரம் காதோடு போயிற்று, இது குடலுக்குப் போகிறது.

இரண்டு மூடநம்பிக்கைகள்

இந்த விஷயத்தில் நம் ஜனங்களிடம் இரண்டு விதமான மூடநம்பிக்கைகள் இருக்கின்றன.

முதலாவது, "கடைப் பொட்டலம் எல்லாம் விஷம், நம் முன்னோர்கள் இயற்கையாய்ச் சாப்பிட்டு நூறு வயது வாழ்ந்தார்கள்" என்பது. இது சுத்தப் புரளி. 1947-ல் இந்தியனுடைய சராசரி ஆயுள் சுமார் 32 வயதுதான். அது காலரா, அம்மை, பிள்ளைப்பேற்றில் சாவு எல்லாம் சேர்ந்த கணக்கு. சாப்பாட்டை மாத்திரம் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் நூறு வயது முன்னோர் கதையை இனி யாரும் நம்மிடம் அளக்க வேண்டாம். அந்த முன்னோர்களும் உணவைக் கெடாமல் வைக்கத் தெரிந்தவர்களே. கருவாடு என்ன? உப்புக்கண்டம் என்ன? வெயிலில் காய்ந்த வடாம் என்ன? ஊறுகாய்ச் சாடியில் ஒரு விரற்கடை எண்ணெய் எதற்கு மிதக்கிறது? உப்பும், எண்ணெயும், வெயிலும், புளிப்பும் கிருமியைத் தடுக்கிற சாதனங்களே. இன்றைக்குப் பழச்சாற்றில் சேர்க்கிற 211 என்கிற சோடியம் பென்சோயேட்டும் அந்த வேலையைத்தான் செய்கிறது. அதற்கு மூலமான பென்சோயிக் அமிலம் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற பட்டையிலேயே கொஞ்சம் இருக்கிறது. ஆகவே, பெயர் இங்கிலீஷில் இருப்பதாலேயே ஒரு வஸ்து விஷமாகிவிடாது. "இயற்கை" என்று பலகை மாட்டுவதாலேயே ஒரு வஸ்து அமிர்தமாகிவிடாது. சர்க்கரையை விட வெல்லம் இயற்கை என்று நம்பி, அதிலும் மஞ்சளாய்ப் பளபளப்பதாய்ப் பார்த்துப் பொறுக்குகிறோமே, கறுத்த வெல்லத்துக்கு அந்த வெளுப்பு வருவதற்காக "ஹைட்ரோஸ்" என்கிற வெளுக்கும் மருந்து போடுகிறவர்கள் உண்டு என்பது தெரியுமா? வெளுத்திருப்பதுதான் சுத்தம் என்று நமக்கு ஏற்றி வைத்திருக்கிற புத்தி வெல்லத்தையும் விடவில்லை!

இரண்டாவது மூடநம்பிக்கை, "சர்க்கார் முத்திரை இருக்கிறது, ஆகவே சந்தேகமே வேண்டாம்" என்பது. ரொட்டி உப்பி வருவதற்காக மாவில் பொட்டாசியம் புரோமேட் என்ற உப்பைச் சேர்த்து வந்தார்கள். மிருகங்களுக்குக் கொடுத்துப் பரிசோதித்ததில் அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று கண்டு, இங்கிலாந்தில் 1990-ல் தடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் அது அனுமதிக்கப்பட்ட சரக்காகவே இருந்தது. 2016 மே மாதம் டெல்லியில் உள்ள விஞ்ஞான சுற்றுச்சூழல் மையத்தார் கடைகளில் 38 ரொட்டி, பன் வகைகளை வாங்கிப் பரிசோதித்து, நூற்றுக்கு 84 பங்கு சரக்கில் புரோமேட்டோ அயோடேட்டோ இருக்கிறது என்று வெளியிட்டார்கள். அடுத்த மாதமே சர்க்கார் புரோமேட்டைத் தடுத்தது. அதாவது இங்கிலாந்துக்காரன் வேண்டாம் என்று தள்ளியதை நாம் 26 வருஷம் தின்றிருக்கிறோம், முத்திரையோடு! யாரோ நாலு பேர் வாங்கிப் பரிசோதித்துக் கேள்வி கேட்டிராவிட்டால் இன்னும் தின்றுகொண்டிருப்போம். ஆகவே சர்க்கார் முத்திரையும் வேதம் அல்ல. புதிய உண்மை தெரிந்தால் மாற்றிக்கொள்ள வேண்டிய மனித ஏற்பாடு.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1902-ல் வைலி என்கிற ரசாயன நிபுணர் 12 வாலிபர்களைச் சேர்த்து, அக்காலத்தில் உணவில் சேர்த்து வந்த வெண்காரம் முதலிய சரக்குகளை அளந்து கொடுத்து, அவர்கள் உடம்புக்கு என்ன நேருகிறது என்று குறித்து வந்தார். உயிருள்ள மனிதரை வைத்துச் செய்த அந்த முறையை இன்று யாரும் ஒப்பமாட்டார்கள். ஆனால் ஜனங்களுக்குக் கண் திறந்தது. 1906-ல் சுத்த உணவுச் சட்டம் வந்தது. அது பூஜை செய்து வந்ததல்ல. கேட்டு, அளந்து, எழுதி வைத்து வந்தது.

திருவிழாவில் பஞ்சு மிட்டாய்

பொட்டலத்துக்காவது முதுகில் எழுத்து இருக்கிறது. எழுத்தே இல்லாத சரக்குக்கு என்ன செய்வது?

2023-ம் வருஷம் மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கூடிய கூட்டத்தைப் பார்க்கப் போயிருந்தோம். ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு வாலிபன் கம்பு நிறைய ரோஜா நிறப் பஞ்சு மிட்டாயைச் செருகிக்கொண்டு நின்றான். குழந்தைகள் மொய்த்தன. "தம்பி, இதிலே என்ன சாயம் போடுகிறாய்?" என்று கேட்டோம். "கலர் பொடி சார்" என்றான். "என்ன பொடி?" "கடையில குடுப்பாங்க சார்." அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "பெருமாள் சந்நிதியில் வாங்கித் தின்றால் ஒன்றும் செய்யாது, போமய்யா" என்று நம்மை அதட்டினார்.

இரண்டு மாதம் சென்றது. 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரி சர்க்காரும், பிறகு தமிழ்நாடு சர்க்காரும் சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டார்கள். பரிசோதனைச் சாலையில் மாதிரிகளைப் பார்த்தபோது அதில் ரோடமின்-பி இருந்தது. அது துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம். உணவில் ஒரு துளிகூட அதற்கு இடம் கிடையாது. அந்த வாலிபனிடம் இருந்ததும் அதுதானா என்று நமக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது, வாங்கின தகப்பனுக்கும் தெரியாது, அதட்டின பெரியவருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் நமது வழக்கே. ரோடமின் சாயத்துக்குப் பெருமாள் சந்நிதியும் ஒன்றுதான், சத்திரம் பஸ் ஸ்டாண்டும் ஒன்றுதான். எங்கே தின்றாலும் தன் குணத்தைத்தான் காட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தடை வந்தவுடன் பிடிபடுகிறவன் கம்பு தூக்கிய ஏழை. ஊர் விட்டு ஊர் வந்து அரை வயிற்றுக்குப் பிழைக்கிற அவன் கையில் துணிச்சாயத்தைத் தின்கிற சாயம் என்று விற்றவன் யார்? அவன் கடை எந்தத் தெருவில் இருக்கிறது? கம்பைப் பிடுங்குவதற்கு முன் அந்தப் பெரிய மனிதனைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தால் காரியம் நடக்காது. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு, சரக்கு வாங்குகிற எவரும் அதைச் சர்க்கார் பரிசோதகரிடம் கொடுத்துப் பரிசோதிக்கலாம் என்று உரிமை கொடுத்திருக்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அந்த எண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். கட்டணமும் கட்ட வேண்டும். சரக்கு சட்டத்துக்கு விரோதம் என்று ஏற்பட்டால் கட்டின பணம் திரும்பி வரும். ஒருவருக்குப் பாரமானால் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து கட்டுங்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு வரி போடத் தெரிந்த தெருவுக்கு இது முடியாதா?

பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறோமே, அவர்களை வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு பொட்டலத்தின் முதுகையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நம்பர் இருந்தால் அதற்குப் பெயர் என்ன என்று தேடச் சொல்லுங்கள். நம் கிளைகளின் படிப்பகங்களில் இந்த நம்பர்களுக்குத் தமிழ் விளக்கம் எழுதி ஒரு அட்டை தொங்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிராம சபை கூடுகிற ஊர்களில் எல்லாம் ஒரு தீர்மானம் போடுங்கள்: தமிழ்நாட்டில் விற்கிற உணவுப் பொட்டலத்தின் மேல், உள்ளே இருக்கிற அத்தனையும் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், நம்பராய் அல்லாமல் பெயராய் இருக்க வேண்டும். தயவாய் அல்ல, கட்டாயமாய் இருக்க வேண்டும். இதை டெல்லி வரையில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

அந்த மார்க்கெட் தோழர் திராட்சையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர், "எல்லாரும்தான் வாங்குறாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்றாராம். "எல்லாரும் வாங்கட்டும். இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எனக்கு வேண்டாம்" என்று இவர் சொன்னாராம்.

அதுதான் பகுத்தறிவு. அந்த வார்த்தையைச் சொல்லுகிற வசதி ஒவ்வொரு தமிழனுக்கும், ஒவ்வொரு தமிழச்சிக்கும் வேண்டும் என்பதுதான் நாம் கேட்பது.