பாடினது யாரு, அடிச்சது யாரு?

எழுதி நாலு மாசமாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு சொன்னா நம்பவா போறீங்க? சோம்பேறித்தனம்தான். ஆனா காதுக்கு மட்டும் லீவ் விடலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையிலேர்ந்து ஆம்பூர், திங்கள் விடியக்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல திரும்ப சென்னை. ஜன்னல் சீட் கிடைச்சா ஹெட்போன், கிடைக்கலைன்னாலும் ஹெட்போன். மூணு மணி நேரத்துக்கு மேல கேட்டுக்கிட்டே வரலாம்.

அப்படிக் கேட்டதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. சினிமாப் பாட்டை விட்டுடறேன், அதுக்கு ஆள் நிறைய இருக்காங்க. சினிமா இல்லாம தமிழ்ல வர்ற பாப், ராக், ராப் பத்தி மட்டும். எனக்கு ஸ்வரம் தெரியாது, கிட்டார்ல ரெண்டு கார்டு தெரியும். அதையும் ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்காரன் கெஞ்சிக் கேட்டதால நிறுத்திட்டேன் :-)

முதல்ல எல்லாருக்கும் பிடிச்ச ஐட்டம். சாய் அபயங்கரோட 'கட்சி சேர' 2024 ஜனவரியில வந்துச்சு, அதே வருஷம் 'ஆச கூட'. ரெண்டுமே யூடியூப்ல 10 கோடிப் பார்வையைத் தாண்டின பாட்டு. திப்பு, ஹரிணி பையன். ரத்தத்துலயே ராகம் இருக்கும்னு வெச்சுக்கலாம். குறை சொல்ல முடியாத பாட்டு. ட்யூன் மாட்டிக்கும், தாளம் காலை ஆட்ட வைக்கும், மூணு நிமிஷத்துல முடிஞ்சுடும். ஒரு வாரம் எனக்கும் ரிப்பீட்ல ஓடுச்சு. எட்டாவது நாள் யோசிச்சுப் பார்த்தா, இது படம் இல்லாத சினிமாப் பாட்டு. ஹீரோயின் இருக்காங்க, ஸ்டெப் இருக்கு, படம் மட்டும்தான் பாக்கி. அந்தப் பாக்கியும் 2025 தீபாவளிக்கு 'டியூட்' மூலமா தீர்ந்துபோச்சு. தப்பில்லை, அந்தப் பையன் சம்பாதிக்கட்டும். ஆனா 'இண்டிபெண்டன்ட்'னு ஒரு சொல்லை அதுக்குத் தர்றப்ப மட்டும் எனக்குக் கொஞ்சம் இடிக்குது. எதுலேர்ந்து சுதந்திரம்?

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சவங்க வேற இடத்துல இருந்தாங்க. 2018 ஜனவரியில சென்னையில மேடையேறின 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பா. ரஞ்சித் முன்னெடுத்து, டென்மா இசையில சேர்த்துக் கட்டின குழு. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதி பேதமற்ற' தமிழர்ங்கற நினைப்புலேர்ந்து வந்த பேரு. ஒரு பக்கம் கானா, ஒரு பக்கம் ராக் கிட்டார், நடுவுல பறை. நான் கேட்ட முதல் தமிழ் ராக் அதுதான்னு சொல்வேன். அதுக்கு முன்னாடி கேட்டதெல்லாம் தமிழ்ல பாடின இங்கிலீஷ் ராக். அந்தக் குழுவுல ராப் பண்ணின ஒரு பையன்தான் தெருக்குரல் அறிவு. 2019-ல ஆஃப்ரோவோட சேர்ந்து 'தெருக்குரல்'னு ஆல்பம் போட்டார். திருக்குறளை அப்படித் திருப்பினதுக்கே பாதி மார்க் குடுத்துடலாம்.

அறிவுக்கு ஊர் அரக்கோணம். 2019-ல மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணா பிரிக்கறவரைக்கும் நாங்க ஒரே மாவட்டக்காரங்க. இது விமர்சனத்துக்குத் தேவையில்லாத தகவல்தான். ஆனா கேட்கறவனுக்குத் தேவைப்படுது. வேலூர்ப் பக்கம்னா வெளியூர்க்காரங்களுக்கு வெயில், சிஎம்சி, ஆம்பூர்னா பிரியாணி. ரெண்டாவது வாக்கியம் "அங்க தோல் நாத்தம் அடிக்குமாமே". காலேஜ்ல நாலு வருஷம் கேட்டிருக்கேன். பாட்டுன்னு ஒண்ணு எங்க பக்கத்துலேர்ந்து வரும்னு யாரும் சொன்னதில்லை.

இனி எங்க சித்தி கதைக்கு வர்றேன்.

2021 மார்ச். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. ஒர்க் ஃப்ரம் ஹோம்னு ஆம்பூர்லயே இருந்தேன். அம்மா ஷூ கம்பெனிக்குப் போவாங்க, காலையில தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். சித்தி வீட்லயே வேலை. ஏஜென்ட் மூட்டையில அப்பர் கொண்டாந்து போடுவார், அதாங்க, ஷூவோட மேல்பாகம். வெட்டி, ஓட்டை போட்டு வந்துடும். திண்ணையில சாஞ்சு உக்காந்து ரெண்டு கையிலயும் ஊசி வெச்சு மெழுகு நூல்ல தைக்கணும். ஜோடிக்கு இவ்வளவுன்னு கணக்கு. எவ்வளவுன்னு சொன்னா நீங்க போட்டிருக்கற ஷூவைக் கழட்டிப் பார்ப்பீங்க, அதனால வேணாம். தைக்கறப்ப பக்கத்துல போன்ல பாட்டு ஓடும்.

'எஞ்சாய் எஞ்சாமி' வந்த வாரம் நான்தான் போட்டுக் காட்டினேன். தீ, அறிவு ரெண்டு பேரும் பாடினது, தயாரிச்சது சந்தோஷ் நாராயணன், மாஜா வெளியீடு. சித்தி தைக்கறதை நிறுத்தாமலே கேட்டாங்க. பாதியில ஊசி நின்னுடுச்சு.

"யார்றா இது? ஒப்பாரி மாதிரியும் கீது, ஆட்டம் போடற மாதிரியும் கீது."

"அந்தப் பையன் அரக்கோணம் சித்தி."

"அரக்கோணமா? நம்ம பக்கமா?"

அவ்வளவுதான். அடுத்த பத்து நாள் தெருவுல அந்தப் பாட்டுக்கு சித்திதான் விநியோகஸ்தர். அவங்க சொன்ன அந்த ஒரு வரியை விட நல்ல விமர்சனத்தை அந்தப் பாட்டுக்கு நான் எங்கயும் படிக்கலை. ஒப்பாரியும் கொண்டாட்டமும் ஒரே தாளத்துல போகும். சாவு வீட்டுப் பறைக்கு ஆடின கால்களுக்கு அது புதுசு இல்ல, ஹெட்போன் காதுகளுக்குத்தான் புதுசு. பின்னாடி இருக்கற கதையும் கனமானது. அறிவோட பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்சுட்டு இங்க திரும்பினவங்க. 1964-ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியா ஏத்துக்கறதா ஒப்புக்கிட்டது 5,25,000 பேரை. ரெண்டு தலைவர்கள் கையெழுத்துல அத்தனை பேரோட ஊர் மாறிப்போச்சு. அந்தத் தோட்டத்து ஞாபகமெல்லாம் நாலரை நிமிஷ பாப் பாட்டுக்குள்ள வந்து உக்காந்தது சின்ன விஷயமா?

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 2021 ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில தீயும், ஷான் வின்சென்ட் டி பாலும். 'நீயே ஒளி', 'எஞ்சாய் எஞ்சாமி' ரெண்டு பாட்டையும் பேசற அட்டை. ரெண்டுக்கும் வரி எழுதினவர் அறிவு. அவர் படம் இல்ல. ரஞ்சித் கேள்வி கேட்டார், சண்டையாச்சு, அப்புறம் அறிவுக்குத் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை வந்துச்சு. அடுத்த வருஷம் ஜூலை 28, செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. சென்னை மேடையில அந்தப் பாட்டு, அறிவு இல்லாம. அவர் வருத்தப்பட்டு எழுத, தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் பக்கத்தைச் சொல்ல, இணையத்துல ரெண்டு கட்சி. ட்யூன்ல யாருக்கு எவ்வளவு பங்குன்னு தீர்ப்பு சொல்ல நான் அந்த ரூம்ல இல்ல. தீ குரல் இல்லாம அந்தப் பாட்டு இல்ல, சந்தோஷ் ஒலியமைப்பு இல்லாமலும் இல்ல, இதையும் சொல்லிடறேன். 2024 மார்ச்ல சந்தோஷ் நாராயணனே வந்து, இந்தப் பாட்டுலேர்ந்து தங்களுக்கு வருமானம்னு ஒண்ணும் வரலைன்னு சொன்னார். 40 கோடிக்கு மேல பார்வை போன பாட்டு!

அட்டை விஷயத்தை அப்போ சித்திகிட்ட பொங்கிப் பொங்கிச் சொன்னேன். சித்தி சிரிச்சாங்க.

"இதுக்கு இன்னாத்துக்குடா இவ்ளோ கோவப்படற? நான் தைக்கற ஷூல என் பேரா போடறான்?"

எனக்கு பதில் வரலை. இன்னமும் வரலை. எங்க ஊர்ல தைச்ச அப்பர் கப்பல் ஏறிப் போய், அங்க அடிப்பாகம் ஒட்டி, வேற நாட்டுப் பேர் அச்சடிச்சு பெட்டிக்குள்ள போகும். அது எங்களுக்குப் பழக்கமாயிடுச்சு. பாட்டுல அதையே செஞ்சா எனக்கு ரத்தம் கொதிக்குது, ஷூல செஞ்சா ஏன் கொதிக்கலை? அம்மாவும் சித்தியும் தைச்ச காசுலதான் நான் இன்ஜினியரிங் படிச்சேன். இப்போ ஆபீஸ்ல நான் நாலு வரி கோட் எழுதினாலும் கமிட்ல என் பேர், தேதி, நேரம் எல்லாம் பதிவாகுது. பக் வந்தா திட்டறதுக்காகவாவது பேர் இருக்கு.

அதுலேர்ந்து ஒரு கெட்ட பழக்கம் வந்துடுச்சு. எந்தப் பாட்டு கேட்டாலும் முதல்ல அதோட கிரெடிட் பக்கத்தைத் திறந்து பார்க்கறேன். எழுதினவர், பாடினவர், தயாரிப்பாளர் வரைக்கும் பெரும்பாலும் இருக்கும். பறை அடிச்சது யாரு, நாதஸ்வரம் யாரு, கோரஸ் யாருன்னு தேடினா பல பாட்டுல வெறுமை. ஆப்பு மேல மட்டும் பழி போட முடியாது. லேபிள்காரங்க என்ன தகவலை நிரப்பி அனுப்பறாங்களோ அதுதான் திரையில வரும். ஃபார்ம்ல ரெண்டு கட்டம் நிரப்ப சோம்பல், அங்க ஒரு மனுஷன் காணாமப் போறான். எங்கப்பா வெச்சிருந்த தொண்ணூறுகளோட ரஹ்மான் கேசட் அட்டைகள்ல புல்லாங்குழல் யாரு, பேஸ் கிட்டார் யாருன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும். பொடி எழுத்துக்காவது இடம் இருந்துச்சு அந்தச் சின்ன அட்டையில. இப்போ இடத்துக்கா பஞ்சம்?

"பேர்ல என்ன இருக்கு"ன்னு கேட்கறவங்களுக்கு: காசு இருக்கு. 2012-ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினப்போ, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில சம பங்கு உண்டு, அதை எழுதிக் குடுத்துட்டுப் போக முடியாதுன்னு வந்துச்சு. நல்ல சட்டம். ஆனா பேர் பதிவாகியிருந்தாத்தானே பங்கு பிரியும்? இன்னொரு பக்கம், ஸ்பாட்டிஃபைல 2024-லேர்ந்து ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 தடவையாவது ஓடினாத்தான் ராயல்டியே. 10 கோடிக்காரருக்கு அது ஒண்ணுமில்ல. பேரணாம்பட்டுல போன்ல ரெக்கார்ட் பண்ணிப் போடற கானாப் பையனுக்கு அது ஒரு மலை.

தாளத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். தோல் ஊர்க்காரன் சொல்லாம யார் சொல்றது? பறையை வாசிக்கறதுக்கு முன்னாடி வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவாங்க. தோல் இறுகி சத்தம் ஏறும், வாசிக்க வாசிக்க இறங்கும், திரும்பக் காய்ச்சணும். அந்த ஏத்த இறக்கம்தான் அதோட உயிர். இப்போ நிறைய பாட்டுல கேட்கறது கம்ப்யூட்டர்ல ஒரே அடியை நறுக்கி ஒட்டினது. நூறு தடவையும் ஒரே மாதிரி 'டண்'. ஹெட்போன்ல நல்லா கேட்டா தெரிஞ்சுடும், பிளாஸ்டிக் செருப்பும் தோல் செருப்பும் மாதிரி. மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2007-ல வெளியிட்ட 'கலா' ஆல்பத்துக்கு சென்னைக்கு வந்து மேளக்காரங்களை வெச்சு அடிச்சுப் பதிவு பண்ணினாங்க. அம்மா பேர் வெச்ச ஆல்பம். இத்தனை வருஷம் கழிச்சும் அந்த மேளம் சூடு ஆறலை. உலகத்துக்கே மாயா பேர் தெரியும். மேளம் அடிச்சவங்க பேர்? திரும்ப சித்தி கேள்விதான்.

கடைசியா, நான் இந்த ரயில்ல அதிகமா கேட்கற ஆல்பம். அறிவு 2024-ல போட்ட 'வள்ளியம்மா பேராண்டி', முதல் தொகுதி. கூட 'அம்பாசா' குழு. சில இடங்கள்ல கச்சேரி நின்னு பொதுக்கூட்டம் ஆரம்பிச்ச மாதிரி இருக்கு, அதை மறைக்க மாட்டேன். ட்யூன் வரவேண்டிய இடத்துல கருத்து வந்து உக்காந்துக்குது. 'எஞ்சாய் எஞ்சாமி' மாதிரி முதல் தடவையிலயே இழுத்துட்டுப் போகாது. ரீல்ஸ்ல ஆட முப்பது செகண்ட் நறுக்கறதும் கஷ்டம். ஆனா மூணாவது தடவை கேட்கறப்ப உள்ள இறங்கும். அட்டையில பேர் விட்டுப்போன ஒருத்தர், அடுத்த ஆல்பத்துக்குத் தன் பேரை வைக்காம பாட்டி பேரை வெச்சார் பாருங்க. கேட்கறதுக்கு முன்னாடியே எனக்குப் பிடிச்சுப்போச்சு. விமர்சகன் இப்படிச் சொல்லக்கூடாதோ என்னவோ.

போன ஞாயித்துக்கிழமை சித்திக்கும் போட்டுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு, "மொத பாட்டு அளவுக்கு இல்ல"ன்னாங்க. அப்புறம் ஒரு ஜோடி தைச்சு முடிச்சு நூலைக் கடிச்சுட்டு, "பாட்டி பேரு இன்னா சொன்ன?"ன்னு கேட்டாங்க.

"வள்ளியம்மா."

"ம். இன்னொரு தபா போடு."

பி.கு.: உங்க ஊர்ல பறை, உருமி, பம்பைன்னு வாசிச்சு சென்னைக்கு சினிமா ரெக்கார்டிங்குக்குப் போய்வந்தவங்க இருப்பாங்க. அவங்ககிட்ட எந்தப் பாட்டுன்னு கேட்டு, அவங்க சம்மதத்தோட பேர் போட்டு ஒரு பதிவு எழுதுங்க மக்களே. நான் குடியாத்தத்துல ஒருத்தரைப் பிடிச்சிருக்கேன், அடுத்த லீவுல போய்ப் பார்க்கணும். மெதுவாத்தான் எழுதுவேன், மேலே சொன்ன சோம்பேறித்தனம் நினைவிருக்கட்டும்.