இரண்டு இலை

“வாடகை வீடுதானே, நமக்கென்ன?” வட கொல்கத்தாவின் பழைய மாடிவீடுகளில் அறையெடுத்துத் தங்கும் நம்மவர் பலர் சொல்வது இது. நானும் சொன்னவன்தான்.

பறவை போட்ட விதை என் சன்னலோரம் இரண்டு இலையுடன் அரசங்கன்றாய் எட்டிப் பார்த்தது. அன்றே வேரோடு பிடுங்கியிருந்தால் இரு விரல்களுக்குத்தான் வேலை. வாளாவிருந்தேன். இரண்டு மழைக்காலம் கழிந்தது. வேர் சுவரைப் பிளந்தது. கீழறையில் தனியே வாழும் வீட்டுக்கார மாசிமாவின் கட்டிலை இப்போது மழைநீர் நனைக்கிறது.

கொத்தனார் வந்து சிமெண்டு பூசினார். அதற்கும் நானே சாட்சி. வேதியியல் படித்தும் வாய் திறக்கவில்லை. இச்சுவர்கள் சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கற்பொடியும் கலந்த சாந்தால் எழுந்தவை. அச்சாந்து ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமெண்டுப் பூச்சோ ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். செங்கல் உப்புப் பூத்து உதிரும். பழஞ்சுவருக்குப் பழஞ்சாந்தே மருந்து.

பெரும்பழுது வீட்டுக்காரர் பொறுப்பு, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சிறிதாயிருக்கும்போதே காண்பவர் யார்? அறையில் குடியிருக்கும் நாமல்லவா?

நண்பர்களே, மழை தொடங்குமுன் ஒருமுறை சன்னலைத் திறந்து சுவரைப் பாருங்கள். பச்சை தெரிந்தால் பிடுங்குங்கள். விரிசல் தெரிந்தால் அன்றே சொல்லுங்கள். வாடகை கொடுத்ததோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை.