விலை குறைந்த பேசியும் விலைபோன தமிழும்



தாய்மொழியன்றிப் பிறிதொரு மொழி அறியாதவன் கையில், அத் தாய்மொழியையே அறியாத கருவி ஒன்றைக் கொடுத்து, “உனக்கு இது போதும்” என்று கூறும் கொடுமை வேறெங்கேனும் உண்டோ? நம் நாட்டில் உண்டு, கடைத்தெருதோறும் உண்டு! ஏறத்தாழ ஆயிரம் முதல் இரண்டாயிரம் உருபாவுக்குள் கிடைக்கும் எளிய கைப்பேசியைப் பற்றியே ஈண்டுக் கூறுகின்றோம்.

அண்மையில் சிற்றூர்க் கடை ஒன்றில் நாம் கண்ட காட்சி இது. முதிய உழவர் ஒருவர், “பேசுவதற்கு மட்டும் ஒன்று கொடு, தம்பி” என்று கேட்டார். கடையிலிருந்த இளைஞன் நகைத்தான். “இதையெல்லாம் இப்பொழுது யார் வாங்குகிறார்கள், ஐயா? பெரியதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், தவணையில் கட்டலாம்” என்றான். பெரியவர் இணங்கவில்லை. விசைகள் பதித்த சிறிய பேசியையே கேட்டு வாங்கினார். திரை ஒளிர்ந்தது, எழுத்தெல்லாம் ஆங்கிலம். “இதில் தமிழ் வருமா, தம்பி?” என்றார். இளைஞன் விசைகளை மாறி மாறி அழுத்திப் பார்த்துவிட்டு, “இந்தி இருக்கிறது, ஐயா, தமிழ் இல்லை” என்றான். பெரியவர் மறுமொழி ஏதும் கூறாது தலையை அசைத்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அவ்விளைஞனின் நகைப்பைவிட அம் முதியவரின் தலையசைப்பே நம் நெஞ்சைச் சுட்டது!

எளிய பேசியை வாங்கலாமா, ஆகாதா என்னும் வினாவிற்கு விடை காண்பதற்குமுன், அதன் நலன்களையும் குறைகளையும் நடுநின்று எண்ணிப் பார்ப்போம்.

முதற்கண் நலன்கள். எளிய பேசியின் மின்கலம் ஏறத்தாழ ஆயிரம் மில்லியாம்பியர்–மணி அளவினது. ஒருமுறை மின்னேற்றினால் பல நாள்கள் உழைக்கின்றது. திறன்பேசியோ ஐயாயிரம் அளவுள்ள மின்கலத்தைச் சுமந்தும் ஓரிரு நாள்களில் ஓய்ந்துவிடுகின்றது. எளிய பேசி பலவற்றில் மின்கலம் தேய்ந்தால், உரியவரே முதுகுப்புறத்தைத் திறந்து வேறொன்றை இட்டுக்கொள்ளலாம். இக்காலத் திறன்பேசிகளோ பசையிட்டு மூடப்பட்டுள்ளன; பழுதுபார்ப்போன் கையை நாடியே ஆகவேண்டும். கழனியில் தவறி விழுந்தால் எளிய பேசியைத் துடைத்து எடுத்துக்கொள்ளலாம். திறன்பேசியின் கண்ணாடி நொறுங்கினால் ஒரு திங்கள் கூலி பாழாகும். இரவில் வரப்பில் நடப்பார்க்குக் கைவிளக்கும், களைப்பாறுவார்க்கு வானொலியும் அச் சிறு கருவிக்குள்ளேயே உள.

2003-ஆம் ஆண்டு நோக்கியா நிறுவனம் வெளியிட்ட 1100 என்னும் எளிய பேசி உலகெங்கும் 25 கோடிக்குமேல் விற்றது. தூசி எளிதிற் புகாத விசைப்பரப்பு, வழுக்காத புறப்பகுதி, ஒரு கைவிளக்கு ஆகிய இவையே அதன் சிறப்புகள். உழைக்கும் மக்களுக்கு என்ன வேண்டும் என்பதை எண்ணிச் செய்த கருவியாகலின், உழைக்கும் மக்கள் அதனை ஏற்றுக்கொண்டனர்.

மற்றொரு நலன், காசால் அளக்கவியலாதது. எளிய பேசி நம்மை அழைக்கும்பொழுது, மறுமுனையில் உண்மையாகவே ஒரு மாந்தர் இருக்கின்றார். திறன்பேசியோ யாரும் அழையாத பொழுதும் நம்மை அழைக்கின்றது. வணிகர் அழைப்பர், விளம்பரம் அழைக்கும், கேளாத காணொளி அழைக்கும். நம் பொழுதே அங்கு விற்பனைப் பொருளாகிவிடுகின்றது. படிக்கும் மாணவனும் பாடுபடும் தொழிலாளியும் அவ்விழப்பினின்று தப்ப, எளிய பேசி ஒரு வேலியாகும்.

இனிக் குறைகளை மறைப்பது நேர்மையன்று.

முதற்குறை, அலைவரிசைத் தலைமுறை பற்றியது. 2016-இல் பணி தொடங்கிய சியோ நிறுவனம் தொடக்கத்திலேயே நான்காம் தலைமுறை இணைப்பை மட்டுமே கொண்டது. இரண்டாம் தலைமுறைக்குரிய மலிவான பேசியை வாங்கியவர் அந்நிறுவன இணைப்பில் பேசவியலாது. இதனை அறியாது வாங்கி, மீண்டும் கடைக்கு நடப்போர் பலர்.

இரண்டாம் குறை, பேசியின் விலையில் இல்லை. அதன்பின் வரும் கட்டணத்தில் உள்ளது. ஒரு காலத்தில் உள்வரும் அழைப்பைக் கட்டணமின்றியே பெற்று வந்தோம். 2018-இன் இறுதியில், 28 நாள்களுக்கு 35 உருபாவேனும் கட்டாவிடில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும் என்னும் முறையைப் பெருநிறுவனங்கள் கொணர்ந்தன. அத் தொகை அதன்பின் பன்மடங்காக ஏறிவிட்டது. இணையமே இல்லாத பேசியை வைத்திருந்தவரும் இணையத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்கும் நிலை ஏற்பட்டது! உண்ணாத சோற்றுக்கு விலை கேட்கும் உணவு விடுதியை யாரேனும் பொறுப்பரோ? இதனைப் பொறுத்துக்கொண்டனர். 2024 திசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுத்த பின்னரே, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்கள் 2025 சனவரியில் வெளிவந்தன. எளிய பேசி வைத்திருப்போர் அத் திட்டங்களையே கேட்டுப் பெறுதல் வேண்டும். கேளாதவர்க்கு அவற்றைக் கடைக்காரர் எடுத்துக்கூறப் போவதில்லை.

மூன்றாம் குறை, உலகம் திறன்பேசியை நோக்கி ஓடிவிட்டமை. கடைகளில் ஒட்டப்பட்டுள்ள கட்டக் குறியைப் படித்துப் பணம் செலுத்த எளிய பேசிகள் பெரும்பாலானவற்றால் இயலாது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி எளிய பேசிகளுக்கென ‘யு.பி.ஐ. 123 பே’ என்னும் முறையைத் தொடங்கி வைத்தது. எண்ணை அழைத்துக் குரல்வழி பணம் செலுத்தலாம். ஆயினும் அதனை அறிந்தோர் சிலரே. பள்ளி அறிவிப்பு முதலாகப் பலவும் வாட்சாப் எனப்படும் புலனத்தின் வழியே பரவுகின்றன; எளிய பேசியுடையார் அவற்றுக்கு அயலாராகிவிடுகின்றனர். எளிய பேசி வைத்திருப்பவரை யாரும் கண்காணிக்கவியலாது என்று சிலர் கூறுவதும் பிழையே. எந்தப் பேசியாயினும் அருகிலுள்ள கோபுரத்தோடு தொடர்பு கொண்டே தீரும். அதன்வழி அதன் இருப்பிடம் ஓரளவு புலனாகவே செய்யும்.

இக்குறைகள் யாவும் மாற்றத்தக்கவை, ஓரளவு பொறுக்கத்தக்கவையுமாம். பொறுக்கவியலாத குறை ஒன்று உளது. அதுவே மொழிக்குறை!

2016-இல் நடுவணரசின் தர நிறுவனம் 16333 என்னும் எண்ணுடைய தரக்கட்டளையின் மூன்றாம் பகுதியை வகுத்தது; கைப்பேசிகளுக்கு அது கட்டாயமுமாக்கப்பெற்றது. அது கூறுவதென்ன? அரசியலமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள 22 மொழிகளிலும் வரும் செய்திகளைப் பேசி படித்துக் காட்டவல்லதாய் இருத்தல் வேண்டும். நன்று! இனி, எழுதுவதற்கு? ஆங்கிலமும் இந்தியும் கட்டாயம். அவற்றோடு வேறு ஏதேனும் ஒரு மொழி இருத்தல் வேண்டும். அவ்வொரு மொழி எது என்பது பேசியைச் செய்யும் நிறுவனத்தின் விருப்பம்!

அன்பர்களே, இதன் பொருளை நன்கு எண்ணுமின்! தமிழ்நாட்டில் விற்கும் பேசியில், தமிழர் வாங்கும் பேசியில், இந்தி எழுதும் ஏந்து சட்டப்படி இருந்தே ஆகவேண்டும். தமிழ் எழுதும் ஏந்து வணிகன் விரும்பினால் இருக்கும், விரும்பாவிடில் இராது. தமிழ் ஏனை இருபது மொழிகளோடு அந்த ஓர் இடத்திற்குப் போட்டியிட்டு நிற்கவேண்டும். இந்தித் திணிப்பை எதிர்த்து 1965-இல் இளைஞர் உயிரீந்த இம் மண்ணில், அவ்விந்தி ஆட்சிமொழிச் சட்டத்தின் வாயிலாக வராமல், ஆயிரம் உருபாப் பேசியின் விசை வழியே சட்டைப்பைக்குள் புகுந்திருக்கின்றது!

கருவிக்குள் தமிழை அமைத்தல் அரிதென்று எவரேனும் கூறின், அது பொய். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் ஆக்கிய ‘செல்லினம்’, 2005-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளிலேயே சிங்கையில் வெளியீடு கண்டது. அக் காலத்துச் சிறு திரைப் பேசிகளிலேயே தமிழில் குறுஞ்செய்தி எழுதவும் படிக்கவும் அது வழி செய்தது. அன்று இயன்றது இன்று இயலாது போமோ?

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. திருப்பெரும்பூதூரில் நோக்கியா நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை 2006 முதல் 2014 நவம்பர் முதல் நாள் வரை இயங்கியது. உலகின் பல நாடுகளுக்குச் சென்ற எளிய பேசிகளை அங்கு நம் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தம் கைகளாற் செய்தனர். தமிழ்க் கைகள் பேசியைச் செய்யலாமாம். அப் பேசியில் தமிழ் கட்டாயமாகலாகாதாம்!

குறுஞ்செய்தியிலும் தமிழுக்கு நேரும் இழப்பைக் காண்மின். ஒரு குறுஞ்செய்தி 140 பைட்டு அளவே சுமக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் அதற்குள் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் எழுதினால் 70 இடங்களே. அவ்விடங்களும் எழுத்துக்கு ஒன்றாகக் கணக்கிடப்பெறுவதில்லை. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்துச் சொல். கணிப்பொறிக்கோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து இடம்! ஆங்கிலத்தில் ஒரே செய்தியாக முடிவது தமிழில் இரண்டாய் மூன்றாய் நீளும். செலவும் அவ்வாறே பெருகும். வங்கிகளும் வணிக நிறுவனங்களும் ஆங்கிலத்தையே நாடுதற்கு இச் செலவும் ஒரு கரணியம். இத்தனைக்கும், தமிழுக்கெனத் தனி எழுத்தட்டவணை கைப்பேசிக்கான உலகத் தரவரையறையிலேயே இடம்பெற்றுள்ளது. அதனைப் பயன்படுத்தினால் தமிழுக்கும் ஒரு செய்தியில் ஏறத்தாழ ஆங்கிலத்திற்குரிய அளவே இடம் கிடைக்கும். வழி உளது, நடப்பாரில்லை.

“நான்கு ஆங்கிலச் சொல் தெரிந்தால் போதாதா? இதற்கு இத்துணை ஆரவாரமா?” என்று கேட்பார் உளர். அவர்க்குக் கூறுவோம். தன் கணக்கில் பணம் வந்ததா, போனதா என்று வங்கி விடுக்கும் செய்தியைப் படிக்கவியலாத மூதாட்டி, அதனை அடுத்த வீட்டாரிடம் காட்டுகின்றார். தன் கைமுதலை ஊரறியச் செய்கின்றார். ஒருமுறைக் கடவெண் வரும்பொழுதும் அவ்வாறே பிறர் கையிற் பேசியைக் கொடுக்கின்றார். “இவ்வெண்ணை யாரிடமும் கூறாதீர்” என்னும் எச்சரிக்கை அச் செய்தியிலேயே உளது, அவ்வெச்சரிக்கையும் ஆங்கிலத்தில்! திருடன் வருகின்றான் என்று அயல்மொழியிற் கூவிவிட்டு, “எச்சரித்தோமே” என்பதற்கு ஒப்பாகும் இது. மொழியறியாக் கருவியால் அவர் இழப்பது மொழிப்பெருமை மட்டுமன்று. தம் பணத்தின் காவலையும் இழக்கின்றார்.

ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்வோம். விலையுயர்ந்த திறன்பேசியில் தமிழ் செவ்விதின் தெரிகின்றது. ‘தமிழ் 99’ உள்ளிட்ட விசைப்பலகைகள் கட்டணமின்றியே கிடைக்கின்றன. அங்ஙனமாயின் நிலை என்ன? ஆங்கிலம் அறிந்த செல்வர் பேசியில் தமிழ் உளது; அவர்க்கு அது வேண்டுவதில்லை. தமிழன்றிப் பிறிதறியாத ஏழையர் பேசியில் தமிழ் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. பணமுள்ளவனுக்குத் தாய்மொழி, பணமற்றவனுக்குப் பிறமொழி! எளிய பேசியை எள்ளுவோரும் இதனைக் கேட்டாரில்லை. “எளிமையே மேன்மை” என்று அதனைப் போற்றுவோரும் கேட்டாரில்லை.

ஆகலின், நம் முடிபு இது. பேசுதல் ஒன்றே தேவையாயின் எளிய பேசியை நாணாது வாங்குமின். கடன்பட்டுத் திறன்பேசி வாங்கி, தவணைக்கு அஞ்சி வாழ்தலினும் அது நன்று. ஆயின் பணத்தை நீட்டுமுன் கடையிலேயே நின்று நான்கு ஆய்வுகளைச் செய்மின். நான்காம் தலைமுறை இணைப்பில் பேசுமா என்று கேண்மின். மின்கலத்தைக் கழற்றி மாற்றலாமா என்று திறந்து காண்மின். திரைச்சொற்களைத் தமிழுக்கு மாற்றித் தருமாறு கேண்மின். வேறொரு பேசியிலிருந்து தமிழ்ச்செய்தி ஒன்றை அதற்கு விடுத்து, அது படிக்கும்படி தெரிகின்றதா, அதற்குத் தமிழிலேயே மறுமொழி எழுதவியலுமா என்று நோக்குமின். தமிழ்ச்செய்தி கட்டம் கட்டமாய்த் தோன்றுமாயின், அப் பேசி தரக்கட்டளைக்கே மாறானது. அதனை விற்றவரிடம் உரிமையோடு கேட்கலாம். தமிழ் எழுதவியலாதாயின், “தமிழில்லாத பேசி எமக்கு வேண்டா” என்று உரக்கக் கூறித் திருப்பிக் கொடுமின். பத்துப்பேர் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் மொத்த வணிகரிடம் கேட்பார். நூறு கடைக்காரர் கேட்டால் மொத்த வணிகர் நிறுவனத்திடம் கேட்பார். வணிகன் வாங்குவோன் சொல்லையே கேட்பான்; வாங்குவோனோ வாய்மூடி நிற்கின்றான்!

தமிழ்நாட்டரசு தன் மக்களுக்கு விடுக்கும் குறுஞ்செய்தி ஒவ்வொன்றும் தமிழில் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் கைப்பேசி ஒவ்வொன்றிலும் தமிழ் எழுதும் ஏந்து கட்டாயமாதல் வேண்டும் என்று நடுவணரசை அது வற்புறுத்துதல் வேண்டும். வங்கிகள் தம் கணக்கர்க்கு எம்மொழி வேண்டும் என்று கேட்டு, அம்மொழியிலேயே செய்தி விடுத்தல் வேண்டும். இவை இரத்தலல்ல, காசு கொடுத்துப் பொருள் வாங்குவோன் கேட்கும் நேர்மையான உரிமை.

அக் கடையில் அம் முதியவர் தலையை அசைத்துவிட்டுச் சென்றார். அவர் அசைத்த தலை நம் அனைவரின் தலையுமாகும். அடுத்து ஒரு பேசி வாங்கச் செல்லுங்கால், நம் தலை அசைதல் ஆகாது. நாவே அசைதல் வேண்டும்!