மாவுப்பூச்சி வேடத்தில் ஒரு துணைவன்

காட்கோபர் வாழ் தமிழ்க் குடும்பத்தினர், இட நெருக்கடிக்கிடையிலும் தகர டின்களில் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் வளர்த்து வருவதை அன்பர்கள் அறிவார்கள். செம்பருத்தித் தளிரில் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி படிந்தால், வெண்மையாகக் கண்ணில் பட்டவை அனைத்தையும் நசுக்கிவிடுவதே நம்மவர் வழக்கம். அதற்குமுன் சற்று உற்று நோக்குதல் நலம். நசுங்குவனவற்றுள் நம் செடியின் துணைவனும் இருக்கக்கூடும்.

அத்துணைவன் கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டு. பொறிவண்டு என்றதும் செந்நிற முதுகும் கரும்புள்ளிகளுமே நினைவுக்கு வரும். இதற்கோ புள்ளி ஒன்றுமில்லை. மிளகளவே உடல், நிறம் கருமை, தலையும் சிறகுமூடியின் நுனியும் மட்டும் செம்மஞ்சள். இதன் புழுவோ உடலெங்கும் வெண்மெழுகு இழைகளைப் போர்த்துக்கொண்டு, தான் உண்ணும் மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும். இதனினும் சிறிய, கடுகளவான ஸ்கிம்னஸ் வண்டின் புழுவுக்கும் இதே வேடந்தான்.

வேறுபாடு அறிவது எளிது. மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒட்டிய இடத்திலேயே கிடக்கும். புழு விரைந்து ஊரும். முற்றிய கிரிப்டோலீமஸ் புழு 13 மில்லிமீட்டர் வரை வளரும். மாவுப்பூச்சியோ அதில் பாதியளவும் இராது.

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோலீமஸ், காப்பிச் செடியைத் தாக்கிய பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்கவென 1898ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வந்த வேலையில் அது வெற்றி காணவில்லை. ஆயினும் மாவுப்பூச்சியை உண்டு தென்னாட்டில் நிலைபெற்றுவிட்டது. இன்று பரங்கிக்காயின்மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதனையே இரையாக இட்டு இவ்வண்டைப் பெருக்கி, திராட்சை, கொய்யாத் தோட்டங்களில் விடுகின்றனர். வந்த இடத்தில் எண்ணிய வேலை கிட்டாவிடினும், கிட்டிய வேலையைப் பற்றிக்கொண்டு வேரூன்றிய கதை நம் குடும்பங்களுக்குப் புதிதன்றே!

ஆகவே, செடியில் ஊரும் வெண்புழுவைக் கண்டால் அக்கிளையில் கை வைக்காதீர்கள். பூச்சிமருந்தும் தெளிக்க வேண்டா. அது பகையையும் துணையையும் சேர்த்தே மாய்த்துவிடும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதனைக் காவல் காத்து, வண்டுகளை விரட்டும். எறும்பை மட்டும் அண்டவிடாது பார்த்துக்கொண்டால், எஞ்சிய பணியைப் புழுவே செய்துகொள்ளும். குழந்தைகளுக்கும் இப்புழுவை அடையாளம் காட்டி வையுங்கள்; முதியோரினும் அவர்கள் கண்களுக்கே இது முதலில் தட்டுப்படும்.